ஒரு சைஸ் பெரிய சட்டை

என்னிடம் ஒரு துணிப் பொம்மை இருக்கிறது. ஏனாத்தூர் பக்கம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் உளவியல் நடத்துகிறேன். தான் ஆணா பெண்ணா என்பதைக் குழந்தை எப்படிப் புரிந்துகொள்கிறது என்ற பாடம் வரும்போது அந்தப் பொம்மையைப் பையிலிருந்து எடுப்பேன். முதலில் அது சட்டை போட்டிருக்கும். வகுப்பின் முன்னாலேயே சட்டையைக் கழற்றிவிட்டுப் பாவாடை மாட்டுவேன். மாணவிகள் சிரிப்பார்கள். "மூணு வயசுக் குழந்தைகிட்ட இதைக் காட்டுனா இன்னா சொல்லும்?" என்று கேட்பேன். "பையன் பொண்ணாயிடுச்சுன்னு சொல்லும் மேடம்." "ஏழு வயசுக் குழந்தை?" "துணிய மாத்துனா ஆளு மாறாதுன்னு சொல்லும் மேடம்." சரி என்று தலையாட்டிவிட்டு, பொம்மையை மேசைமேல் உட்கார வைத்துவிட்டு மேலே நடத்துவேன்.

அதன் பிறகு உயிரியல் பக்கம் போவேன். குரோமோசோம், கருவில் சுரக்கும் ஹார்மோன். பிறகு திரும்பி வந்து, பெரியவர்களைப் பார்த்துச் செய்வது, பாராட்டினால் பழகுவது, திட்டினால் விடுவது. கடைசியில், இதில் எது எவ்வளவு என்று அறுதியிட்டு யாராலும் சொல்ல முடியாது, எல்லாம் கலந்தே வேலை செய்கின்றன என்று முடிப்பேன். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கான பதில் அது. பத்து வருடமாக அதையே சொல்லிக்கொடுக்கிறேன். என் வீட்டில் ஒரு நாள்கூட அதை என்னால் சொல்ல முடியவில்லை.

எனக்கு உடன்பிறந்தவள் ஒரே ஒருத்தி. என்னைவிட ஒன்பது வயது சின்னவள். பிறந்தபோது பையன் என்று சொன்னார்கள். அப்பா எங்கள் காலனி முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். இருபத்தொரு வயதில், தான் பெண் என்று அவளே வாய் திறந்து சொல்லும்வரை எங்களுக்கு அவள் தம்பி. இப்போது தங்கை. இந்த ஒரு வார்த்தையை எழுதவே எனக்கு ஏழு வருடம் ஆகியிருக்கிறது.

அவளுக்கு மூன்று வயதில் ஒரு போட்டோ எடுத்தோம். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு வளர்த்த முடி தோளைத் தொட்டுவிட்டது. மொட்டை போடுவதற்குமுன் ஆண்பிள்ளைக்குப் பெண் வேஷம் போட்டு ஸ்டுடியோவில் படம் எடுத்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா அப்போது பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை செய்தாள். முதலாளியம்மா கொடுத்த ஒட்டுத் துணியில் அரக்கு நிறப் பாவாடை தைத்தோம். அலங்காரமெல்லாம் நான்தான். மை, பொட்டு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, விரல் நுனிகளில் முந்தின நாளே வைத்த மருதாணி, சவுரி சேர்த்துத் தைத்த பூ ஜடை. பன்னிரண்டு வயதில் எனக்கு உயிருள்ள பொம்மை கிடைத்த மாதிரி இருந்தது. தேரடி ஸ்டுடியோக்காரர் ஜடை தெரியவேண்டும் என்று பின்னால் ஓர் ஆளுயரக் கண்ணாடியைச் சாய்த்து வைத்தார். குழந்தை கேமராவைப் பார்க்காமல் கண்ணாடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்.

எங்கள் தெருவில் ஆண்பிள்ளை பிறந்த எந்த வீட்டுக்குள் போனாலும் இப்படி ஒரு படம் இருக்கும். அந்தப் பூ ஜடைக்காரர்கள் எல்லாம் இப்போது மீசையும் தொப்பையுமாக ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்கள், ஒரகடம் கம்பெனிக்கு ஷிஃப்டுக்குப் போகிறார்கள். இது என் கண்ணெதிரே இருந்த உண்மை. பாவாடை கட்டிவிட்டதால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று வேறு யாராவது என்னிடம் வந்து புலம்பியிருந்தால் நானே இதை எடுத்துக் காட்டி வாயை அடைத்திருப்பேன்.

அவள் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்பா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் நின்று தட்டைத் துடைத்துக்கொண்டே, தட்டைப் பார்த்தே சொன்னாள். "நான் பொண்ணுக்கா. சின்ன வயசுலேர்ந்தே. உங்ககிட்ட சொல்லாம இனிமே முடியாது." அம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்கு நன்றாக விளங்கியது. நான் அவளைக் கட்டிக்கொள்ளவும் இல்லை, திட்டவும் இல்லை. வீட்டுக்கு வந்து என் புத்தகங்களைத் திறந்தேன்.

எதனால் இப்படி ஆனது என்று தேடினேன். எட்டு மாதம் அதைத் தவிர வேறு நினைப்பில்லை. முதலில் அந்தப் போட்டோ ஞாபகம் வந்தது. பாவாடை கட்டிவிட்டது நான், பார்த்துச் சிரித்துக் கொண்டாடியது நாங்கள். பாராட்டினால் பழகும் என்று நானே நடத்துகிற பாடம் என் தலையிலேயே வந்து விழுந்தது. பழி என் கையில் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் உளவியலை விட்டுவிட்டு உயிரியலுக்குத் தாவினேன். அங்கே அம்மா அகப்பட்டாள்.

"வயித்துல இருக்கச் சொல்ல இன்னா மாத்திரைம்மா சாப்புட்ட?"

"சத்து மாத்திரைதான். ஆஸ்பத்திரில குடுத்தது."

"பட்டறைக்கு எத்தனை மாசம் வரிக்கும் போன?"

"ஏழு மாசம் வரிக்கும் போயிகினு இருந்தேன். ஏம்மா, அந்தச் சாயத்துல நின்னதாலயா?"

இதற்கு நான் சொல்லவேண்டிய பதில் "இல்லை" அல்லது "எனக்குத் தெரியாது". இரண்டும் சொல்லவில்லை. "அப்படியும் இருக்கலாம்" என்றேன். எந்த ஆதாரமும் கிடையாது. எம்.எட். படித்த மகள் சொல்கிறாள் என்று அம்மா அதை அப்படியே நம்பினாள். வயல் வேலையிலிருந்து பட்டறைக்கு வந்து, அந்தக் கூலியில் என்னைப் படிக்க வைத்தவள். அந்தப் படிப்பைக் கொண்டு நான் அவளுக்குச் செய்த முதல் மரியாதை இது. இன்றுவரை அம்மா அந்தப் பட்டறைத் தெரு வழியாகப் போவதில்லை. ரேஷன் கடைக்குச் சுற்று வழியில் போகிறாள், முட்டி வலியோடு. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை, "அது சும்மா சொன்னதும்மா" என்று சொல்ல வாயெடுத்திருக்கிறேன். வேறு ஏதோ பேசிவிட்டு வந்துவிடுவேன்.

தங்கை சென்னையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். அவளையும் விட்டேனா? "நீதான் லேப்ல இருக்கியே, ஹார்மோன் டெஸ்ட் எடுத்துப் பாக்கறதுதானே" என்று போனில் கேட்டேன். "எடுத்தேங்கா, எப்பவோ. எல்லாம் நார்மல்னு வந்துச்சு. காட்டறதுக்கு ஒரு காரணம்கூட இல்லியேன்னு அந்தத் தாள வச்சிகினு அழுதேன். நீ சிரிக்கறதா இருந்தா அனுப்பவா?" என்றாள். நான் டாபிக்கை மாற்றி, சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

எதனால், எதனால் என்று கேட்டவள், எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அத்தனை வருடம் சட்டைக்குள் இருந்தது எப்படி இருந்தது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள், நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவள்.

ஞாயிறுகளில் வீடியோ காலில் வருவாள். என் மகளுக்கு அவளைக் கண்டால் உயிர். "நான் சித்தி" என்று அவள் சொல்லிக்கொடுக்க, குழந்தையும் சித்தி சித்தி என்றது. நான் தடுக்கவில்லை, சேர்ந்துகொள்ளவும் இல்லை. எங்கள் பேச்சில் வாக்கியத்துக்கு வாக்கியம் ஆணுக்கு ஒரு 'பா'வோ பெண்ணுக்கு ஒரு 'மா'வோ ஒட்டிக்கொண்டு வரும். அவளோடு பேசும்போது மட்டும் இரண்டையும் விட்டுவிட்டு மொட்டையாகப் பேசப் பழகிக்கொண்டேன். அதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு ஆறு வயதானபோது, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த காதுகுத்தை மாமியார் கையில் எடுத்தார். அவர் ஐயம்பேட்டையில் இருக்கிறார். அங்கேதான் அவர்கள் குலதெய்வக் கோயில். எனக்குக் கல்யாணம் ஆனபோது தங்கைக்குப் பத்தொன்பது வயது. வேட்டி கட்டிக்கொண்டு பெண்வீட்டுத் தம்பியாக ஓடியாடி வேலை செய்தவள். அந்தத் தம்பி சென்னையில் வேலை, லீவு கிடைப்பதில்லை என்றே புகுந்த வீட்டுக்குச் சொல்லி வைத்திருந்தேன். என் கணவருக்கு மட்டும் எல்லாம் தெரியும்.

"தாய்மாமன் மடியிலதான் ஒக்கார வச்சிக் குத்தணும்மா. உன் தம்பிய ரெண்டு நாளு லீவு போடச் சொல்லு" என்றார் மாமியார். ஒன்றுவிட்ட தம்பி ஒருவனைச் சொல்லிப் பார்த்தேன். "சொந்தத் தம்பி கல்லாட்டம் இருக்கச் சொல்ல, எதுக்குமா ஒண்ணுவிட்டது?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. "தம்பி இல்ல அத்தை, தங்கச்சி" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என் கணவர், "சொல்லிடலாம்மா, இன்னா ஆயிடப் போவுது" என்றுகூடச் சொன்னார். எனக்குத் தைரியமில்லை. கோயில் மண்டபம் நிறைய நிற்கும் சொந்தக்காரர்கள் என்னைப் பார்க்கும் பார்வையை நினைத்துத்தான் பயந்தேன். அவளைப் பார்க்கும் பார்வையை அல்ல, என்னைப் பார்க்கும் பார்வையை.

அவளுக்கு போன் போட்டேன். "ஒரே ஒரு நாள். ஒரு மணி நேரம். வேட்டி சட்டையில வந்துட்டுப் போ. குழந்தைக்காக."

"முடி இடுப்பு வரிக்கும் இருக்குதுக்கா."

"மாமனுக்குத் தலைப்பாகை கட்டுவாங்க. உள்ள சுருட்டிக்கலாம். தெரியாது."

"எல்லாம் யோசிச்சி வச்சிருக்க" என்றாள். பிறகு, "பாப்பாவுக்காக வரேன்" என்றாள். குழந்தையைச் சொன்னால் அவளால் முடியாது என்று சொல்ல வராது. அது தெரிந்துதான் குழந்தையைச் சொன்னேன்.

அடுத்த வேலை மகளைத் தயார் செய்வது. "அன்னிக்கு மட்டும் மாமான்னு கூப்புடணும்" என்றேன். ஏன் என்று கேட்டாள். விளையாட்டு என்றேன். சரியாகச் சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்லேட். வாய் தவறிச் சித்தி என்றால் கிடையாது. ஐந்தே நாளில் பழகிவிட்டாள். வகுப்பில் பக்கம் பக்கமாக நடத்தியதை நான் வாழ்க்கையில் முழுசாகச் செய்து பார்த்தது அந்த ஐந்து நாள்தான். நன்றாகவே வேலை செய்தது.

சட்டையை நானே போய் வாங்கினேன். அவளுடைய பழைய அளவு எனக்குத் தெரியும். அதைவிட ஒரு சைஸ் பெரிதாக எடுத்தேன். ஏன் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

காதுகுத்து அன்று காலை ஐயம்பேட்டை பஸ் நிறுத்தத்தில் சுடிதாரில் வந்து இறங்கினாள். துப்பட்டாவால் தலையை மூடியிருந்தாள். நான் காத்திருந்து, யார் கண்ணிலும் படாமல் மண்டபத்தின் பின்பக்கம் பாத்திரங்கள் அடுக்கும் அறைக்குக் கூட்டிப்போனேன். அண்டாக்களுக்கும் வாழை இலைக் கட்டுகளுக்கும் நடுவே நின்று சட்டையைப் போட்டுக்கொண்டாள். வேட்டி கட்ட மறந்துபோயிருந்தது, நான் கட்டிவிட்டேன். முடியைச் சுருட்டி உள்ளே வைத்துத் தலைப்பாகையும் கட்டினேன். வளையலைக் கழற்றினாள். கம்மலைக் கழற்றி என் கையில் வைத்தாள். விரல்களில் இளஞ்சிவப்பில் நெயில் பாலிஷ். நான் ஞாபகமாக ரிமூவர் எடுத்துப் போயிருந்தேன். பஞ்சில் நனைத்துக் கொடுத்திருக்கலாம், அவளே துடைத்திருப்பாள். நானே அவள் கையைப் பிடித்துத் துடைத்தேன். மூன்று வயதில் மருதாணி வைக்க நீட்டின மாதிரியே ஒவ்வொரு விரலாக நீட்டினாள். எனக்கு அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றிக்கொண்டே பத்து விரலையும் துடைத்து முடித்தேன்.

"எப்படி இருக்குது, பாக்கணுமே" என்றாள். அந்த அறையில் கண்ணாடி இல்லை. "நல்லாதான் இருக்குது, வா" என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

மேளம் முழங்கியது. மாமன்சீர்த் தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள். மாமியார் அவளுக்கு மாலை போட வைத்தார். "இன்னாபா இளைச்சிட்ட, மெட்ராஸ் சோறு ஒத்துக்கலியா?" என்று கேட்டுக் கன்னத்தைத் தடவினார். மனையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள். ஆசாரி சந்தனத்தால் காதில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தபோது, குழந்தை நிமிர்ந்து அவள் காது மடலைத் தொட்டுப் பார்த்தது. "சித்தி, கம்மல் எங்க?" என்று கேட்டது. சித்தி என்றே கேட்டது. சாக்லேட் ஞாபகம் வந்ததோ என்னவோ, உடனே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் மாமியாரைப் பார்த்தேன். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவள் குனிந்து குழந்தையின் காதில், "அம்மாகிட்ட குடுத்திருக்கேன். உனக்குக் குத்தி முடிச்சதும் வாங்கிக்கறேன். எனக்கும் இப்படித்தான் வலிச்சுது, ரெண்டே நாள்ல போயிடும்" என்றாள். குழந்தை வீறிட்டபோது அவளும் அழுதாள். "மாமனுக்குப் பாசத்தப் பாரு" என்று பக்கத்தில் நின்ற பெண்கள் சொன்னார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இதை எழுதும்போது கூசுகிறது, ஆனால் இருந்தது. மாட்டிக்கொள்ளாமல் முடிந்துவிட்டதே என்ற பெருமை.

சாப்பிடச் சொன்னார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டாள். பாத்திர அறையில் மறுபடி உடை மாற்றிக்கொண்டாள். சட்டையையும் வேட்டியையும் கடையில் மடித்த மடிப்பிலேயே மடித்து என்னிடம் கொடுத்தாள். பஸ் நிறுத்தத்தில் நான் ஏதேதோ பேசினேன். நல்லபடியாக நடந்தது, உன்னால்தான் நடந்தது, அத்தைக்கு ரொம்பச் சந்தோஷம். அவள் கம்மலை மாட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடி இல்லாமல் துளையைத் தேடித் தேடி மாட்டினாள்.

"சின்ன வயசுல பாவாடை கட்டிவிட்டது ஞாபகம் இருக்குதாக்கா?"

"இருக்குது."

"அப்பவும் என்னைக் கேக்கல, இப்பவும் கேக்கல. ஆனா அன்னிக்கு கண்ணாடி வச்சீங்க."

பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். கை ஆட்டவில்லை. அதன் பிறகு அவள் வீட்டுக்கு வரவில்லை. ஞாயிறு வீடியோ கால்கள் இன்னும் வருகின்றன, என் கணவரின் போனுக்கு. குழந்தையோடு பேசிவிட்டு வைத்துவிடுகிறாள். என் மெசேஜ்களுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வரும்.

அன்று எடுத்த போட்டோவை மாமியார் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் கட்டி, எங்கள் செவிலிமேட்டு வீட்டு ஹாலில் மாட்டச் சொல்லிக் கொடுத்தார். கீழே தங்க எழுத்தில் 'தாய்மாமன் மடியில்' என்று இருக்கிறது. மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் யார் இது என்று கேட்பார்கள். "என் தம்பி" என்பேன். சரளமாக வரும்.

போன வாரம் கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்ய ஒருவர் வந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்துக்கொண்டே படத்தைப் பார்த்தார். "உங்க மாமாவா பாப்பா?" என்று மகளிடம் கேட்டார். அவளுக்கு இப்போது ஏழு வயது. ஹோம்வொர்க்கிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இல்ல, என் சித்தி. அன்னிக்கு சட்டை போட்டுகினு இருந்தாங்க."

அவர் என்னைப் பார்த்தார். பத்து வருடம் பொம்மைக்குத் துணி மாற்றிக் காட்டியவள் நான். அந்தப் பாடத்தில் வரும் ஏழு வயதுக் குழந்தை என் ஹாலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. "ஆமா. என் தங்கச்சி" என்றேன். யாரோ சொன்னது மாதிரி வந்தது.

"அப்படியாம்மா" என்றார் அவர். "பர்னர்ல அடைப்பு இருக்குது, பழைய டூத் பிரஷ் ஒண்ணு இருந்தா குடுங்க."

அவ்வளவுதான். நான் மண்டபம் முழுக்க எதற்குப் பயந்தேனோ அது இவ்வளவுதான். பிரஷ்ஷைத் தேடிக் குளியலறைக்குள் போனவள், அங்கேயே குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன். கேட்கவேண்டியவள் காதில் விழாமல், யாரோ ஒரு அடுப்புக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

அவர் போனதும் மகள் பென்சிலை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். முகம் சுண்டியிருந்தது.

"சித்தின்னு சொல்லிட்டேம்மா" என்றாள். "இன்னிக்கு சாக்லேட் கிடையாதா?"